ஃபாஸ் நகரும் கரவிய்யீன் பல்கலைக்கழகமும்: ஒரு வரலாற்று அறிமுகம்

துருக்கித் தொப்பி என்றவுடன் நம்மவர்க்கு 1905ஆம் ஆண்டுதான் நினைவுக்கு வரும். சட்டத்தரணி எம். சி. அப்துல் காதர் அத்தொப்பியுடன் உயர் நீதிமன்றில் தோன்றியதற்கு ஆட்சேபம் எழுந்ததும், அதனைக் கண்டித்து மருதானைப் பள்ளிவாசலில் முஸ்லிம்கள் பெருந்திரளாகக் கூடியதும் இலங்கை முஸ்லிம்களின் வரலாற்றில் அழியாத பதிவுகளாகும். நாம் துருக்கித் தொப்பி என்று அழைத்த அதனை ஆங்கிலேயர் ‘பெஸ்’ என்றனர். அது துருக்கியில் உள்ள ஓர் ஊரின் பெயரன்று. வட ஆபிரிக்காவின் மேற்கு ஓரத்திலே, மொரோக்கோ நாட்டில் அமைந்துள்ள ஃபாஸ் என்னும் நகரின் பெயராகும். தலையில் சூடியிருந்த பெயருக்குரிய ஊரை நம்மில் அநேகர் அறிந்திருக்கவில்லை.

நானும் அந்த ஊரை ஒரு பாடக்குறிப்பின் வழியாகத்தான் அறிந்திருந்தேன். ‘உலகின் மிகப் பழைய பல்கலைக்கழகம் ஃபாஸ் நகரின் கரவிய்யீன். அதனை 859இல் நிறுவியவர் ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி என்ற முஸ்லிம் பெண்மணி’ என்பதே அக்குறிப்பு. பல வருடங்களாக இதனைப் பெருமிதத்தோடு கரும்பலகையில் எழுதி வந்திருக்கிறேன். குறிப்பாகப் பெண்பிள்ளைகளின் முகம் மலர்வதைக் காண்பதில் எனக்கு ஒரு திருப்தி. ஒரு நாள் ஒன்பதாம் தரத்து மாணவி ஒருத்தி எழுந்து, “சேர், இத ஆரு எழுதி வெச்ச?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. கலாசாலையில் கற்றபோது எங்களுக்குச் சொல்லப்பட்டதை நான் அப்படியே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அக்கேள்விக்கு விடை தேடி வாசித்தவற்றின் தொகுப்பே இக்கட்டுரையாகும்.

இரு கரை, ஒரு நகரம்

ஃபாஸ் ஒரு பள்ளத்தாக்கு நகரம். சிற்றாறொன்று அதனை ஊடறுத்துச் செல்கிறது. அப்பாஸியரிடமிருந்து தப்பி மேற்கே வந்த முதலாம் இத்ரீஸ் 789இல் அதன் வலது கரையில் ஓர் ஊரை அமைத்தார். அவரது மகன் இரண்டாம் இத்ரீஸ் 809ஐ அண்டி இடது கரையில் இன்னோர் ஊரை எழுப்பினார். இவ்விரு ஊர்களையும் நிரப்பியவர்கள் அகதிகள் என்பது கவனத்திற்குரியது. 818இல் ஸ்பெயினின் குர்துபா நகரில் எழுந்த கிளர்ச்சி நசுக்கப்பட்டபோது அங்கிருந்து துரத்தப்பட்ட மக்கள் வலது கரையில் குடியேறினர். அப்பகுதி அந்தலூஸியர் கரை எனப் பெயர் பெற்றது. துனீசியாவின் கைரவான் நகரிலிருந்து வந்த குடும்பங்கள் இடது கரையில் தங்கின. கைரவான்காரர்கள் என்ற பொருளில் வழங்கிய சொல்லே ‘கரவிய்யீன்’ எனத் திரிந்தது. ஆகவே உலகப் புகழ் பெற்ற அப்பெயர், ஊரை விட்டு வந்தவர்கள் தம் பழைய ஊரின் ஞாபகமாய்ச் சுமந்து வந்த பெயரேயாகும். இடம்பெயர்வின் வலியை அறிந்த நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இரு கரைகளுக்கும் தனித்தனி மதில்கள் இருந்தன, அடிக்கடி பகையும் மூண்டது. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முராபித்தூன்களின் தலைவர் யூசுஃப் இப்னு தாஷ்ஃபீன் நகரைக் கைப்பற்றி, இடையிலிருந்த மதில்களை இடித்து இரண்டையும் ஒன்றாக்கினார். 1276இல் மரீனிய சுல்தான்கள் மேட்டுநிலத்தில் ‘புதிய ஃபாஸ்’ என்னும் அரச நகரைக் கட்டியபின், பள்ளத்திலிருந்த பழைய ஊர் ‘ஃபாஸ் அல்-பாலி’ எனப்பட்டது. 1981இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது இம்மதீனாவையே. இன்றும் அங்கே மோட்டார் வாகனம் நுழைய முடியாது. ஆயிரக்கணக்கான ஒழுங்கைகளில் கழுதைகளும் கோவேறு கழுதைகளுமே சுமை இழுக்கின்றன.

சகோதரிகளும் ஒரு மரப்பலகையும்

இனி அம்மாணவியின் கேள்விக்கு வருவோம். கைரவானிலிருந்து வந்த முஹம்மத் அல்-ஃபிஹ்ரி என்ற செல்வருக்கு ஃபாத்திமா, மர்யம் என இரு புதல்வியர். தந்தையின் சொத்து கைக்கு வந்ததும் ஃபாத்திமா கரவிய்யீன் பள்ளிவாசலையும், மர்யம் எதிர்க்கரையில் அந்தலூஸியர் பள்ளிவாசலையும் கட்டினர். ஹிஜ்ரி 245 ரமழானில், அதாவது 859இல், வேலை ஆரம்பமானது. கட்டி முடியும் வரை ஃபாத்திமா நோன்பு நோற்றார். இதுவே வழக்கிலுள்ள வரலாறு.

இதனை நமக்கு எழுதித் தந்தவர் இப்னு அபீ ஸர்உ என்னும் ஃபாஸ் நகரத்து வரலாற்றாசிரியர். அவரது ‘ரவ்ளுல் கிர்தாஸ்’ என்ற நூல் எழுந்தது 1326ஆம் ஆண்டளவில். சொல்லப்படும் சம்பவத்துக்கும் அதனை எழுதியவருக்கும் இடையே நாலரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட இடைவெளி உண்டு. இரண்டு கரை, இரண்டு சகோதரியர், இரண்டு பள்ளிவாசல் என்று கதை இத்தனை பொருத்தமாய் அமைந்திருப்பதே ஐயத்துக்குரியது எனக் கருதும் வரலாற்றாய்வாளரும் உளர்.

இதனிலும் முக்கியமான சான்று ஒன்று கடந்த நூற்றாண்டில் வெளிப்பட்டது. பள்ளிவாசலின் திருத்த வேலைகளின்போது சாந்துப் பூச்சின் அடியில் மறைந்திருந்த பழைய தேவதாரு மரப்பலகை ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அதில் கூஃபி எழுத்தில் செதுக்கப்பட்டிருந்த வாசகம், இப்பள்ளிவாசல் ஹிஜ்ரி 263 துல்கஃதா மாதத்தில், அதாவது 877இல், இரண்டாம் இத்ரீஸின் மகன் தாவூதினால் கட்டப்பட்டதாகக் கூறுகிறது. அதில் ஃபாத்திமாவின் பெயர் இல்லை.

முதலில் ஃபாத்திமா கட்டியதைப் பின்னர் தாவூத் பெருப்பித்திருக்கலாம் என்று சமாதானம் கூறுவோர் உண்டு. ஃபாத்திமா வரலாற்றில் இருந்தவரே அல்லர் என்று அடித்துச் சொல்வோரும் உண்டு. இரண்டையும் நிரூபிக்கப் போதிய ஆதாரமில்லை. கையிலிருப்பது ஒரு பிற்கால நூலும் ஒரு முற்காலப் பலகையுமே. இதை வாசித்தபோது, நேசித்து வந்த ஒருவரைப் பற்றிச் சங்கடமான செய்தி கேட்டவனைப் போலானேன். மறைத்துவிடலாமா என்றுகூட எண்ணம் ஓடியது. ஆனால் அந்நகரத்து வரலாற்றை மேலும் வாசித்தபோது, இத்தகைய சங்கடத்துக்கு மருந்தும் அங்கேயே இருப்பதைக் கண்டேன். அதனைப் பின்னர் கூறுகிறேன்.

பள்ளிவாசல் கலைக்கூடமான விதம்

எவர் கட்டியிருப்பினும், 9ஆம் நூற்றாண்டில் அங்கு எழுந்தது ஒரு பள்ளிவாசல்தான். பின்னர் வந்த ஒவ்வோர் அரச குலமும் அதனை விரிவாக்கியது. 10ஆம் நூற்றாண்டில் குர்துபாவின் கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மானின் உதவியுடன் இன்றுள்ள மினாரா எழுந்தது. 1134 முதல் 1143 வரை முராபித்தூன் அமீர் அலி இப்னு யூசுஃப் மேற்கொண்ட வேலையே பள்ளிவாசலுக்கு இன்றைய பெருந்தோற்றத்தைக் கொடுத்தது. அங்கே தூண்களின் அடியில் ஆசிரியர் அமர, மாணவர் அரைவட்டமாய்ச் சூழ்ந்திருந்து ஓதும் ஹல்காக்கள் வளர்ந்தன. வகுப்பறையோ வாங்குமேசையோ கிடையாது. ஒரு கிதாபை ஓர் ஆசிரியரிடம் முற்றாக ஓதி முடித்தவருக்கு அவர் தம் கைப்பட இஜாஸா வழங்குவார். சான்றிதழைத் தருவது நிறுவனமன்று, ஆசிரியரே.

இதனால்தான் கரவிய்யீனைப் பல்கலைக்கழகம் எனலாமா என்ற வாதம் எழுகிறது. தொடர்ந்து இயங்கும் மிகப் பழைய உயர்கல்வி நிலையம் என்று கின்னஸ் நூல் அதனைப் பதிவு செய்துள்ளது. ஆனால் பல்கலைக்கழகம் என்பது 1088ஐத் தன் தொடக்கமாய்க் கொள்ளும் இத்தாலியின் பொலோஞா போன்று, ஐரோப்பாவில் தோன்றிய வேறொரு வகை அமைப்பு என்பர் பல அறிஞர். சட்டப்படி கரவிய்யீன் அரச பல்கலைக்கழகமாக்கப்பட்டது 1963இலேயே. என்னைக் கேட்டால், முதலிடம் யாருக்கு என்ற இந்தப் போட்டி நம்மை வேறு பிழைகளுக்கும் இட்டுச் செல்கிறது. பாப்பரசர் இரண்டாம் சில்வெஸ்டர் கரவிய்யீனில் கற்றார் என நாம் பெருமையுடன் எழுதுகிறோம், அதற்குத் தக்க ஆதாரமில்லை. யூத அறிஞர் மூஸா இப்னு மைமூன் 1160களில் ஃபாஸில் வாழ்ந்தது உண்மை. அவர் கரவிய்யீனில் ஓதினார் என்பது நாம் சேர்த்துக்கொண்டது. இல்லாத நகையைக் கடன் வாங்கி அணியவேண்டிய வறுமை அந்நிறுவனத்துக்கு இல்லை.

நகரம் ஊட்டிய ரொட்டி

கரவிய்யீனின் உண்மையான பெருமையை அதனைச் சுற்றியுள்ள வீதிகளில்தான் காணவேண்டும். பள்ளிவாசலின் ஒரு பக்கம் வாசனைப் பொருள் விற்கும் அத்தாரீன் கடைத்தெரு. மறுபக்கம் செப்புப் பாத்திரம் அடிக்கும் ஸஃப்பாரீன் சதுக்கம். நூல்நிலையத்தின் வாசல் அச்சதுக்கத்திலேயே திறக்கிறது. சற்றுத் தள்ளி ஆற்றங்கரையில், சாயம் நிரம்பிய வட்டத் தொட்டிகளில் மனிதர் இறங்கி நின்று தோல் பதனிடும் ஷுவாரா. அங்கு பதனிட்ட தோல் நூல் கட்டுவோரிடம் போகும். அவர் கட்டிய நூல் மாணவனிடம் போகும். பள்ளிவாசலும் தோல் தொட்டியும் ஒரே வாழ்வின் இரு முனைகளாய் இருந்தன.

சுற்றியிருந்த கடைகள், குளியல் கூடங்கள், தோட்டங்கள் பல வக்ஃபுச் சொத்துக்கள். அவற்றின் வாடகையிலிருந்தே விளக்குக்கு எண்ணெயும், ஆசிரியருக்குப் படியும், நேரம் கணிக்கும் முவக்கித்துக்குச் சம்பளமும் போயின. மினாராவை ஒட்டிய அறையில் 14ஆம் நூற்றாண்டின் நீர்க்கடிகாரம் ஒன்றின் எச்சம் இன்றும் உள்ளது. கிராமங்களிலிருந்து வரும் ஏழை மாணவர் தங்குவதற்காக மரீனிய சுல்தான்கள் கரவிய்யீனைச் சுற்றி மத்ரஸாக்களைக் கட்டினர். 1271இல் ஸஃப்பாரீன், 1325இல் அத்தாரீன், 1355ஐ அண்டி அபூ இனானிய்யா எனப் பல எழுந்தன. ஓடும் சுவர்ச் சாந்தும் செதுக்கு மரமும் கண்ணைப் பறிக்கும் முற்றங்களைக் கொண்டவை அவை. ஆனால் மேல்மாடியில் மாணவனுக்கு வாய்த்தது ஒரு பாய் விரிக்கும் அளவான சிற்றறைதான். பிற்காலத்தில் அவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ரொட்டி வக்ஃபிலிருந்து கிடைத்தது. நமது கிராமங்களில் தாய்மார் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை ஓதும் பிள்ளைகளுக்காக ஒதுக்கி வைத்த வழக்கத்தை இது எனக்கு நினைவூட்டியது.

அந்த ரொட்டி நின்றால் என்னவாகும் என்பதற்கும் சாட்சி உண்டு. கர்னாத்தாவில் பிறந்து ஃபாஸில் வளர்ந்த ஹஸன் அல்-வஸ்ஸான், மாணவனாயிருந்த காலத்தில் நகர வைத்தியசாலையில் இரண்டு வருடம் எழுத்தராக வேலை பார்த்தவர். 1518இல் கடற்கொள்ளையரிடம் சிறைப்பட்டு ரோமாபுரிக்குக் கொண்டு செல்லப்பட்ட அவர், லியோ ஆபிரிக்கானஸ் என்ற பெயருடன் ஆபிரிக்காவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். முன்னொரு காலம் மாணவருக்கு ஏழு வருடத்துக்கு உணவும் உடையும் கொடுக்கப்பட்டதாகவும், யுத்தத்தில் வக்ஃபுக் காணிகள் அழிந்தபின் தங்குமறை மட்டுமே மிஞ்சியதாகவும், அதனால் கற்போர் தொகை அருகியதாகவும் அதில் கவலையோடு குறிப்பிடுகிறார். ஒரு கலைக்கூடத்தின் சரிவு வயற்காட்டிலும் தோட்டத்திலும் தொடங்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நகரத்தாருக்கும் மாணவருக்கும் இருந்த உறவின் இன்னொரு முகம் ‘மாணவர் சுல்தான்’ விழா. இளவேனிற் காலத்தில் மாணவர் தமக்குள் ஒருவரைச் சுல்தானாக்குவர். அப்பதவி ஏலத்தில் விடப்படும். ஏலத்தில் வென்றவன் குடை, மந்திரி, பரிவாரம் சகிதம் ஆற்றங்கரையில் ஒரு வாரம் கூடாரமிட்டு ஆட்சி புரிவான். நகரத்தார் உணவும் காசும் அனுப்புவர். உண்மையான சுல்தானே பரிசுகளுடன் வந்து அவனைக் காண்பார். போலிச் சுல்தான் அவரிடம் ஒரு வேண்டுகோள் விடுக்கலாம். 20ஆம் நூற்றாண்டிலும் இவ்வழக்கம் இருந்தது. வருடம் முழுதும் ரொட்டிக்குக் கை நீட்டிய ஏழைப் பிள்ளையை ஒரு வாரம் அரசனாக்கிப் பார்த்த அந்நகரத்தின் மனம் பெரியது.

நம் தீவைப் பற்றிய பக்கங்கள்

நூல்நிலையத்தை 1349இல் அமைத்த மரீனிய சுல்தான் அபூ இனானின் அவையில், ஏறத்தாழ ஒரே காலத்தில் இருவர் இருந்தனர். ஒருவர் முதிய பயணி, மற்றவர் இளம் அறிஞர். பயணி இப்னு பதூதா. சுல்தானின் கட்டளைப்படி அவர் வாய்மொழியாய்க் கூறிய பிரயாணத்தை இப்னு ஜுஸைய் என்ற எழுத்தாளர் 1355இல் ஃபாஸில் எழுத்தாக்கினார். 1344இல் நம் கரையில் இறங்கி, ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்து, பாவா ஆதம் மலையில் ஏறிய கதையும் அதிலுண்டு. நமது தீவின் அக்காலத்தைப் பற்றி நாம் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டும் அப்பக்கங்கள் எழுதப்பட்டது அந்த நகரில்தான்.

இளம் அறிஞர் இப்னு கல்தூன். 1354இல் ஃபாஸுக்கு வந்த அவர் பின்னர் அதே சுல்தானால் சிறையிலும் இடப்பட்டார். இப்னு பதூதாவின் கதைகளைக் கேட்ட அவையினர், இவர் பொய் சொல்கிறார் என்று தமக்குள் பேசிக்கொண்டதாகத் தமது ‘முகத்திமா’வில் அவர் எழுதுகிறார். தமக்கும் அந்த ஐயம் இருந்ததாம். மந்திரி ஒருவர், நீர் கண்டதில்லை என்பதற்காக ஒரு செய்தியை மறுத்துவிடாதீர் என்று அவருக்குப் புத்தி சொன்னாராம். இதிலிருந்து இப்னு கல்தூன் எடுத்த பாடம் என்னவெனில், ஒரு செய்தி விந்தையானது என்பதற்காகத் தள்ளவும் கூடாது, பெரியோர் சொன்னது என்பதற்காக ஏற்கவும் கூடாது, அது நடக்கக்கூடியதா எனச் சீர்தூக்கவேண்டும் என்பதாகும். முன்னர் நான் குறிப்பிட்ட மருந்து இதுதான். ஃபாத்திமாவின் கதையை அளக்கும் கோல் அவரது ஊரிலேயே இருந்திருக்கிறது.

இப்னு கல்தூன் தாம் வாழ்ந்த ஊரின் கல்வியையும் விட்டுவைக்கவில்லை. மேற்கில் மத்ரஸா மாணவர் தங்கிக் கற்கும் காலம் பதினாறு வருடம், துனிஸில் ஐந்தே வருடம் என ஒப்பிடுகிறார். மனனத்திலேயே காலம் கழிவதால் பலர் சபையில் வாய் திறவாது இருக்கின்றனர் என்றும் கூறுகிறார். பாடக்குறிப்பை வருடக்கணக்காய்க் கேள்வியின்றி ஒப்புவித்து வந்த எனக்கும் அது பொருந்தும். இவ்வளவு கண்டித்தவர்தான் 1396இல் கெய்ரோவிலிருந்து தமது வரலாற்று நூலின் ஒரு பிரதியைக் கரவிய்யீன் நூல்நிலையத்துக்கு வக்ஃபாக அனுப்பி வைத்தார். அவரது கையெழுத்துடன் அது அங்கு பேணப்பட்டு வருகிறது.

வாசலைத் திறந்த பெண்கள்

1912இல் ஃபாஸில் கைச்சாத்தான உடன்படிக்கையின்படி மொரோக்கோ பிரான்சின் பாதுகாப்பின் கீழ் வந்தது. பெர்பர் மக்களை இஸ்லாமியச் சட்டத்திலிருந்து பிரிக்கும் 1930ஆம் ஆண்டின் ஆணைக்கு எதிரான கிளர்ச்சியில் கரவிய்யீன் ஒரு மையமாயிற்று. அங்கு கற்றுக் கற்பித்த அல்லால் அல்-ஃபாஸி விடுதலை இயக்கத்தின் தலைவர்களில் ஒருவரானார். பிரெஞ்சு ஆட்சியினர் பாடவிதானத்தையும் பரீட்சைகளையும் ஒழுங்குபடுத்தினர். அதேவேளை உத்தியோகத்துக்கு வழிகாட்டும் கல்வி பிரெஞ்சுப் பாடசாலைகளுக்குப் போய்விட்டது. 1956இல் சுதந்திரம் கிடைத்தபின்பும் அந்நிலை பெரிதும் மாறவில்லை. ஃபாஸில் விஞ்ஞானமும் மருத்துவமும் கற்பிப்பது 1975இல் உருவான வேறொரு பல்கலைக்கழகமே.

பெண் ஒருத்தி நிறுவியதாய்ச் சொல்லப்படும் அக்கலைக்கூடத்தில் பெண்கள் மாணவியராய்ச் சேர முடிந்தது எப்போது? 1940களில்தான். அதற்காகப் போராடியவர் 1919இல் ஃபாஸில் பிறந்த மலிகா அல்-ஃபாஸி. பதின்ம வயதிலேயே புனைபெயரில் பெண்கல்வி பற்றிப் பத்திரிகையில் எழுதத் தொடங்கியவர். 1944 ஜனவரி 11ஆம் திகதிய சுதந்திரப் பிரகடனத்தில் ஒப்பமிட்டவர்களுள் ஒரே பெண் அவரே. கரவிய்யீனில் பெண்களுக்கென ஒரு பிரிவு திறக்கப்பட்டதற்கு அவரது விடாமுயற்சி முக்கிய காரணமாகும். 2007இல் அவர் காலமானார். அண்மைக் காலத்தில், ஈரம் சுவறிப் பழுதடைந்திருந்த நூல்நிலையத்தைத் திருத்தியமைக்கும் பொறுப்பை ஏற்று நிறைவேற்றியவரும் ஒரு பெண்ணே. ஃபாஸில் பிறந்த கட்டடக் கலைஞர் அஸீஸா ஷாவூனி அவர். 2012இல் ஆரம்பித்த வேலை 2016இல் முடிந்தது.

ஃபாத்திமாவை நிரூபிக்க ஒரு பிற்கால நூலே உண்டு. மலிகாவுக்கோ ஒப்பமிட்ட பத்திரம் உண்டு. அஸீஸாவுக்குச் செப்பனிட்ட சுவர்கள் உண்டு. நமது பெண்பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு ஒரு பெயர்தான் இருக்கிறது என்றெண்ணி அதனை இறுகப் பற்றியிருந்தேன். தேடியபோது கிடைத்தவை அதிகம்.

இவ்வருடம் அப்பாடம் வந்தபோது கரும்பலகையில் மூன்று எண்களை எழுதினேன். 859, 877, 1326. முதலாவது நூல் சொல்லும் ஆண்டு, இரண்டாவது பலகை சொல்லும் ஆண்டு, மூன்றாவது அந்நூல் எழுதப்பட்ட ஆண்டு என்று மட்டும் கூறினேன். வகுப்பு சற்று நேரம் மௌனமாயிருந்தது. பின்வரிசையில் ஒரு பிள்ளை கொப்பியின் ஓரத்தில் கழித்துப் பார்த்துவிட்டு, “சேர், நானூத்தி அறுபத்தேழு வருஷம் கழிச்சா எழுதின?” என்று கேட்டது. “ஓம்” என்றேன். உடனே நாலைந்து கைகள் உயர்ந்தன.